முதலில் பார்க்கிறவள்

நேரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மனசுக்குள் எப்போதும் 'அவள்'தான். இப்போது எழுத உட்கார்ந்தாலும் மரியாதை வரமாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் கழித்துமா என்று கேட்டால், ஆமாம், இத்தனை வருஷம் கழித்தும்தான்.

தில்லி கிட்வாய் நகரில் எங்கள் இருவருக்கும் தரைத்தளத்துக் குவார்ட்டர்ஸ், பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் இடுப்பளவுக் கம்பிவேலி. வேலிக்கு இந்தப் பக்கம் என் தோட்டம், அந்தப் பக்கம் அவள் தோட்டம். ஒரே மண், ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே வெயில். நான் கொத்தமல்லி விதைத்தால் கோரைப்புல் வரும். அவள் பிழிந்து எறிந்த எலுமிச்சையின் விதைகூட முளைத்து நிற்கும். அவளுக்கு நாகர்கோவில். ஏதோ ஒரு மினிஸ்ட்ரியில் டெலிபோன் ஆபரேட்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள், மற்றபடி ஆபீஸ் விட்டால் தோட்டம். நான் திருச்சிக்காரி. காலனியின் சர்க்கார் டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுக்கிற வேலை. முறைப்படி படித்து, பரீட்சை எழுதி வாங்கிய வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

நம் ஊரில் வசந்தம் என்பது பாட்டில் வருகிற சமாசாரம். பனி முடிந்தால் வெயில், அவ்வளவுதான். தில்லியில் அது நிஜமாகவே வரும். ரஜாய்ப் போர்வையை மடித்து, அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காலையில் வந்து நிற்கும். அது வந்திருப்பதை எங்கள் வரிசையில் முதலில் பார்ப்பது அவள்தான். வேலியோரம் நின்றுகொண்டு, ஆபரேட்டர் குரலில், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "வந்துட்டு!" என்பாள். அந்தப் பக்கத்து வீட்டு சர்தார்ஜி மாமி ஸ்வெட்டர் ஊசியும் கையுமாக வெளியே ஓடி வருவாள். எதிர்வீட்டு வங்காளி டீச்சர் ஓடி வருவாள். என்ன வந்தது என்று பார்த்தால் புதினாவில் ஒரு கணு. அல்லது குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் வைத்திருந்த கற்பூரவல்லித் தொட்டியில் குண்டூசித் தலையளவு பச்சை. எல்லாரும் குனிந்து பார்த்து, தங்கள் பாஷையில் அக்கா என்று கூப்பிட்டு, "அரே வாஹ், திதி!" என்பார்கள். ஏதோ அவளே பெற்றுப் போட்ட மாதிரி.

பார்ப்பதற்கென்றே பிறந்தவள் அவள். செடி மட்டுமில்லை. என் பெண் மாலாவுக்கு முதல் பல் ஆடியதை அவள்தான் முதலில் பார்த்தாள். மார்ச் மாதக் காற்றில் என் வீட்டுக்காரருக்கு இழுப்பு வரப்போகிறது என்பதை, வருவதற்கு முன்பே, அவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போடும்போது விட்ட மூச்சிலிருந்து கண்டுபிடித்தாள். அவரோடு ஒரே கட்டிலில் படுக்கிறவள் நான். எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்குள் முதல் உரசல் அந்தக் கருவேப்பிலை மரத்தில் ஆரம்பித்தது. நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலம். எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்த தமிழ்க் குடும்பம் வைத்துவிட்டுப் போன மரம். ஜனவரியில் அது இலையெல்லாம் உதிர்த்து மொட்டைக் குச்சியாக நின்றது. கருவேப்பிலை மொட்டையாகி நான் பார்த்ததே இல்லை. செத்துப்போய்விட்டது என்றே நினைத்து, தெரு பெருக்குகிறவரைக் கூப்பிட்டுப் பிடுங்கச் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஓங்கியதுதான் தாமதம், வேலியைத் தாண்டி ஒரு அலறல்.

"பிள்ளே! கையை எடுக்கச் சொல்லு!"

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியில் ஏறிக் குதித்து வந்தாள். கட்டைவிரல் நகத்தால் தண்டைச் சுரண்டிக் காட்டினாள். பழுப்புத் தோலுக்குக் கீழே பச்சை.

"இந்தா பாத்தியா? உயிர் இருக்கு. குளிருக்கு உறங்குதது. உனக்க மரம்தானே, கொஞ்சம் சுரண்டிப் பாத்திருக்கலாமே."

மண்வெட்டிக்காரர் சிரித்தார். அந்த மார்ச்சில் மரம் துளிர்த்தது. அதிலிருந்து காலனியில் அதற்குப் பெயர் 'திதி காப்பாற்றிய மரம்'. என் வீட்டு வாசலில், என் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிற்கிற மரம்! தாளிக்க ஒரு ஆர்க்கு பறிக்கும்போதெல்லாம் அவள் கைக்கு நன்றி சொல்லிப் பறிக்க வேண்டியிருந்தது.

அடுத்த அவமானம் வேப்பிலையில். பால் பூத் திருப்பத்தில் இரண்டு மரங்கள் ஒட்டி ஒட்டி நிற்கும். ஒன்று வேம்பு. இன்னொன்று பகாயன், நாம் மலைவேம்பு என்போம். தெற்கிலிருந்து புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இந்தப் பகாயனிடம் ஏமாறுவார்கள். இலை அச்சாக வேப்பிலை மாதிரி இருக்கும். அதுவும் மார்ச்சில் நிஜ வேம்பு இலை கொட்டிக்கொண்டு பாதி மொட்டையாக நிற்கும்போது, பகாயன் தளதளவென்று துளிர்த்து ஊதாப்பூவோடு நிற்கும். நானும் ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தமிழ்ச் சினேகிதிகள் முன்னால் வைத்து அவள் சொன்னாள்:

"பிள்ளே, இது வேம்பு இல்ல கேட்டியா. வேம்பு எங்கயாவது ஊதாப் பூ பூக்குமா? மருந்து குடுக்கிற கை, கொஞ்சம் பாத்து ஒடிக்கண்டாமா?"

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவள் எதையும் விடுகிறவள் இல்லை.

நிஜ வேம்பில் செம்பு நிறத்தில் கொழுந்து வந்ததும் அவள் வீட்டில் திருவிழா. கொழுந்தை மிளகும் ஓமமும் சேர்த்து அரைத்து, கருப்பட்டியில் புரட்டி, சுண்டைக்காய் அளவு உருண்டை பிடிப்பாள். கருப்பட்டி ஊரிலிருந்து பார்சலில் வரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள். தமிழ், பஞ்சாபி, வங்காளி எல்லாம் ஒரே வரிசை. ஒரு குழந்தை முகம் சுளிக்காது. இருமலுக்கு வேலியோரம் வளர்ந்த ஆடாதோடை. இலையைக் கழுவி, நரம்பு கிழித்து, திப்பிலியும் அதிமதுரமும் தட்டிப்போட்டு, நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும்வரை அடுப்பில் வைப்பாள். அந்த வாசனை என் சமையலறை ஜன்னல் வழியாக வந்து என் சாம்பார் வாசனையை அமுக்கிவிடும். இவர் தினமும் அந்தக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, "நெஞ்சு லேசாயிடுச்சு பாரு" என்பார். நான் கொண்டுவந்து வைத்த மிக்சர் பாட்டில், பக்கத்தில் ஒட்டிய டோஸ் காகிதம்கூடக் கசங்காமல் அலமாரியில் இருக்கும்.

டிஸ்பென்சரியில் இருமல் மிக்சருக்கு வருகிற கூட்டம் மார்ச்சில் குறையும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் எங்கள் டாக்டர் என் ஜன்னலருகே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆப்கே படோஸ் மே வோ காடா… மிலேகா க்யா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக் கஷாயம் கிடைக்குமா என்று! டாக்டருக்கே! அன்றைக்கு சாயந்திரம் நான் அவள் வாசலில் எவர்சில்வர் சொம்போடு நின்ற நிலையை யோசித்துப் பாருங்கள்.

"டாக்டருக்கா? கொண்டு போ, கொண்டு போ. உனக்க மிக்சரும் நல்லதுதான் பிள்ளே, நெறம் நல்லா இருக்கும்," என்றாள். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதெல்லாம் போகட்டும். இவர் போனால் போகட்டும், டாக்டர் போனால் போகட்டும். மாலா அவள் பக்கம் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாலா தில்லியில் பிறந்தவள். என்னோடு பேசினால் பாதி இந்தி. தமிழில் நாலு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு மூச்சு முட்டும். அப்படிப்பட்டவள் ஒருநாள் ஸ்கூல் பையைக் கவிழ்த்துப்போட்டுக்கொண்டு, "எனக்க பேனா எங்க?" என்றாள். எனக்க! திருச்சிக்காரி பெற்ற பெண் நாகர்கோவில் தமிழ் பேசுகிறாள். காலையில் பல் தேய்த்ததும் வேலிக்கு அந்தப் பக்கம். ஸ்கூல் பஸ்ஸின் ஹாரன் கேட்கும்வரை அங்கேதான். இரண்டு பேரும் தலையோடு தலை ஒட்டிக் குனிந்து நிற்பார்கள். நான் ஜன்னலில் தோசைக் கரண்டியோடு நிற்பேன். பிறகு "வந்துட்டு!" என்று குரல் கேட்கும். அதற்குப் பிறகுதான் மாலா டிபன் சாப்பிட வருவாள்.

"அப்படி என்னடி பேசறீங்க?" என்று கேட்பேன்.

"குச் நஹீம்மா," என்பாள், ஒன்றுமில்லை என்று. வாயைத் திறக்கமாட்டாள். வீட்டில் ஒரு ரகசியம் தங்காத பெண். அப்பா கடையில் சமோசா தின்றதைக்கூட ஓடிவந்து சொல்லிவிடுகிறவள்.

அந்த மார்ச்சில் மாலாவுக்கு அம்மை போட்டது. தில்லியில் வசந்தத்தோடு அதுவும் வரும். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு முத்து. அதை நான்தான் பார்த்தேன்! காய்ச்சலில் கிடக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் சந்தோஷப்படலாமா? பட்டேன். லீவு போட்டுவிட்டு மாலா பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அந்த நாட்களில் வேலிப் பக்கமிருந்து "வந்துட்டு" சத்தமே இல்லை. குழந்தை படுத்திருக்கிறதென்று அடக்கி வாசிக்கிறாள் போலிருக்கிறது, அந்த மட்டும் இங்கிதம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலையில் அவளே வந்தாள். ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது. கஷாயக்காரிக்கே ஜலதோஷம் என்று எனக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி. கை நிறைய வேப்பிலைக் கொத்து.

"பிள்ளைக்கக் கட்டிலைச் சுத்திப் போடு. நான் ஜெபம் பண்ணுதேன். ஜெபம் ஒரு பக்கம் நடக்கட்டும், இலை ஒரு பக்கம் கிடக்கட்டும்," என்று வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

கட்டிலருகே கொண்டுபோய்ப் பிரித்தேன். நடுவில் ஊதாப் பூ. கொத்துக் கொத்தாகப் பகாயன் பூ.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! வேம்பு எங்கயாவது ஊதாப் பூ பூக்குமா என்று நாலு பேர் நடுவில் கேட்டவள்! சினேகிதிகளை எல்லாம் இப்போதே கூப்பிட வேண்டும்போல் இருந்தது. "பார்த்தியாடி மாலா, உன் ஆன்ட்டி ஒடிச்சுட்டு வந்த லட்சணத்தை!" என்றேன்.

மாலா முத்து அப்பிய முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அம்மா, ஆன்ட்டிகிட்ட சொல்லாதே. மேரி கசம், என் மேல சத்தியம், சொல்லாதே."

"ஏன்?"

"அவங்களுக்கு அது தெரியாது."

"வேப்பிலை தெரியாதா அவளுக்கு?"

"கண்ணு தெரியாதும்மா. நடுவுல தெரியாது. ஓரத்துல கொஞ்சம் தெரியும். நான்தான் எல்லாம் பார்த்துச் சொல்லுவேன்."

போன வருஷத்துத் துளிர்கள் எல்லாம் மாலா பார்த்தது. புதினாக் கணு மாலா பார்த்தது. அவள் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கிளையில் வைத்து, இங்கே என்று காட்டுவாளாம். இவள் காட்ட, அவள் தடவ, பிறகு காலனிக்கே அறிவிப்பு. வேலைக்குப் போவதும் வருவதும் பழகிய வழி. டெலிபோன் போர்டில் கை தானாகப் போகும், காது இருக்கிறது. ஆகவே யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலில் தினமும் நின்ற எனக்கும் தெரியவில்லை.

அந்தக் கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். கோபமா வேறெதுவுமா என்று எனக்கே புரியவில்லை. அவள் ஆடாதோடைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க," என்று கையில் கொடுத்தேன்.

வாங்கினாள். இலையைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனாள். மூக்குதான் அடைத்திருந்ததே. பிறகு விரல் மெதுவாகக் காம்பு வழியே ஏறி, பூவில் வந்து நின்றது.

"பூவு இருக்கு," என்றாள். ஹோஸ் பைப்பிலிருந்து தண்ணீர் அவள் காலில் போய்க்கொண்டிருந்தது. "மாலா சொல்லிற்றாளா?"

"நான்தான் கேட்டு வாங்கினேன். டாக்டர்கிட்ட போனீங்களா அக்கா?"

"போகாம இருப்பனா? பெரிய ஆஸ்பத்திரியிலயே பாத்தாச்சு. இது ஆப்பரேஷன் பண்ணுத கண்ணு இல்லையாம். கஷாயமும் கேக்காது, உனக்க மிக்சரும் கேக்காது." சிரித்தாள். "ஆபீசில தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்க பிள்ளே. ரிட்டயர் ஆகுத வரைக்கும் இழுத்திரலாம்னு பாத்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் டிஸ்பென்சரியில இருக்கேன். சின்னப் பொண்ணுகிட்டப் போயா…"

"நான் எங்க சொன்னேன்? அவளா கண்டுபிடிச்சா. ஒருநாள் துளசி இலைன்னு நெனச்சு ஒரு வெட்டுக்கிளியைப் பிடிக்கப் போனேன். அவ சிரிக்கல்ல. ஒண்ணும் கேக்கவும் இல்ல. துளசியை ஒடிச்சு எனக்கக் கையில வச்சா. அதில இருந்து தினமும் வருதா."

நான் பெற்ற பெண் அப்படி ஒரு காரியம் செய்வாள் என்பதையும் இவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் நாலு தடவை கத்த வேண்டும். இவளுக்குக் கேட்காமலே துளசி. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு.

பால் பூத் திருப்பத்துக்குப் போய் நிஜ வேப்பிலை ஒடித்து வந்து கட்டிலைச் சுற்றிப் போட்டேன். விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட. பெரிய மனசெல்லாம் இல்லை. சொன்னால் மாலா என் முகத்திலேயே முழிக்கமாட்டாள் என்று தெரியும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாளே மாலா வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அடுத்த காலை வழக்கம்போல "வந்துட்டு!" என்று குரல் கேட்டது. எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன், நடிப்பு கெடக்கூடாதல்லவா. சர்தார்ஜி மாமி, "இந்தக் கண்ணுக்குத் தப்பி ஒரு இலை முளைக்காது," என்று இந்தியில் அவளைப் புகழ்ந்தாள். மாலா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ரிட்டயர் ஆகும்வரை அப்படியே இழுத்துவிட்டாள். ரிட்டயர் ஆன வருஷம் குளிர் ஆரம்பிக்கும்போது ஊருக்கு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்சி வாசலில் நின்றபோது வரிசையே கூடியிருந்தது. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக மாலாவின் முகத்தை இரண்டு கையாலும் நெற்றியிலிருந்து மோவாய்வரை தடவினாள். பிரியத்தில் தடவுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பார்க்கிறாள் என்று எங்கள் மூன்று பேருக்கும்தான் தெரியும். "வாறேன் மக்களே," என்றாள். என் தோளில் தட்டி, "மரத்தைப் பிடுங்கிராதே," என்றாள். போகிற போக்கில்கூட.

ஜனவரியில் கருவேப்பிலை மறுபடி மொட்டையானது. எனக்கு வேறொரு நினைப்பு. இனி வேலிக்கு அந்தப் பக்கம் ஆளில்லை. துளிர் வந்தால் மாலா யாரிடம் ஓடி வருவாள்? என்னிடம்தானே வரவேண்டும். தினமும் விடிந்ததும் முதல் வேலையாக மரத்தைப் போய்ப் பார்த்தேன். ஒரு காலையில் கவட்டையில் கடுகளவு பச்சை இருந்தது. நானே பார்த்தேன், எல்லாருக்கும் முதலில் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. மாலா பார்க்கட்டும், பார்த்து வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் பல் தேய்த்துவிட்டு வந்தாள். மரத்தடியில் நின்றாள். கிளையைப் பார்த்தாள். உள்ளே வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. பை மாட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மரத்தைப் பார்த்தேன்.

"மாலா, கருவேப்பிலை துளிர்த்திருக்கா பாரேன். எனக்குச் சரியாத் தெரியலை."

அவள் மரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ முந்தாநாளே பார்த்துட்டேம்மா. நீ பார்த்ததை நான் பார்த்தேன்."

"சரி, பார்த்தேன். நீ ஏன் எங்கிட்ட வந்து சொல்லலை?"

"உனக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "உனக்குத்தான் கண்ணு தெரியுதே."

பஸ் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டாள்.

அவள் தோட்டத்தைப் பார்த்து, கஷாயத்தைப் பார்த்து, குரலைப் பார்த்து எவ்வளவோ பொறாமைப்பட்டிருக்கிறேன். தெரியாமல் போன அவள் கண்ணின் மேல் பொறாமை வந்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, என் கண்ணை இறுக்க மூடி, கையை நீட்டிக் கிளையைத் தடவினேன். துளிர் எங்கே இருக்கிறதென்று எனக்குத்தான் தெரியுமே. விரல் நேராக அதில் போய் நின்றது.